மாக்சுனின் டோஃபுவும் ஊர் போட்ட மேடும்

கொரியா முழுக்கத் தேடினாலும் எங்கள் தோல்சில் ஊர் மாக்சுனின் டோஃபு மாதிரி மென்மையாகக் கிடைக்காது. பக்கத்தில் நின்று தும்மினால் அது ஒரு மணி நேரம் நடுங்கும். கணவன் இறந்த பிறகு, சோயா அரைத்துக் கட்டியாக்கி, சின்ன லாரியில் ஏற்றி, விடியலில் மணியடித்துக்கொண்டு வருவாள். அந்த வண்டிதான் அவளுக்குச் சோறு.

குவாரி லாரிகள் ஊருக்குள் பறந்ததால், ஊர்த்தலைவர் யாங் ஆட்களைக் கூட்டி வேகத்தடை போட்டார். சிமெண்டைவிட, வேலை செய்தவர்கள் குடித்த அரிசிக் கள்ளுதான் அதிகம் செலவானது. மேடு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அதில் ஏறி இறங்கிய ஒருவரின் பல்செட் தெறித்து விழ, அதைக் கவ்விய நாய் ஒரு வாரம் சிரித்துக்கொண்டே திரிந்தது. லாரிகளோ ஆளுயரச் சக்கரத்தோடு அதே வேகத்தில் தாண்டிப் போயின. உடைந்தது டோஃபுதான்.

“ஏண்டி மாக்சுன், இன்னைக்கு டோஃபுவா, கஞ்சியா? கரண்டி எடுத்துட்டு வரவா?” என்று கேலி செய்தபடி, நொறுங்கியதையும் வாங்குபவள் ஒக்புன் கிழவி மட்டுமே. இடுப்பு வளைந்தவள், பேரன் குழந்தையாக இருந்தபோது உட்கார்ந்த பழைய தள்ளுவண்டியைப் பிடித்துத்தான் நடப்பாள்.

“தலைவரே, மேட்டைக் கொஞ்சம் செதுக்கி விடுங்க. என் பொழப்பே போகுது.”

“ஊரைக் காக்கிற மேடு தங்கச்சி அது! ஓரத்துல தண்ணி போக இடம் விட்டிருக்கோம்ல? ஒரு சக்கரம் அதுல, ஒண்ணு மண்ணுல. வளைச்சு ஓட்டு.”

ஓட்டினாள். டோஃபு பிழைத்தது. ஆனால் தள்ளுவண்டியும் மேடு ஏறாது; ஒக்புனுக்கும் அந்த இடுக்குதான் வழி. பனி மூடிய ஒரு விடியலில், மணிச்சத்தம் கேட்டு, கிண்ணத்தோடு எதிரே வந்தாள். மாக்சுன் பிரேக்கை மிதித்தபோது தள்ளுவண்டி சக்கரத்தடியில் இருந்தது, கிழவியும்.

மாக்சுனின் லாரி இடுக்கை அடைத்து நின்றதால், அவளை ஏற்றிய ஆம்புலன்ஸ் மேட்டின் மேல்தான் போனது. குலுங்கி இறங்கியபோது ஒக்புன் ஒருமுறை அலறினாள். பிறகு சத்தமே இல்லை.

மாக்சுன் சிறைக்குப் போனாள். சிறையிலிருந்து வருகிறவருக்கு, இனியாவது வெள்ளையாக வாழட்டும் என்று, முதலில் டோஃபு ஊட்டுவது எங்கள் வழக்கம். ஊரே அதற்கு மாக்சுனிடம்தான் வாங்கும். இம்முறை, அவள் விடுதலையாகி வந்த அன்று, தலைவர் டவுனில் வாங்கி, அவள் வீட்டுக்கு எடுத்து வந்தார். பிரித்தால், ஒரே நொறுங்கல்.

“ஓரமா வரலையா, தலைவரே?”

“அங்க பாறாங்கல்லு போட்டு அடைச்சாச்சு. இனிமே எந்த வண்டியும் நுழையாது.”

“தள்ளுவண்டிக் கிழவிங்க?”

“வீட்டுக்குள்ளயே இருக்காங்க.”

மாக்சுன் நொறுங்கலைக் கிண்ணத்தில் கொட்டினாள்.

“ஒக்புன் கிழவி கேட்ட அந்தக் கரண்டியை எடுங்க” என்றாள்.