பிரிட்டாவுக்கு ஒரு கொம்பன்

கையுறையைக் கழற்றாமலே, மரத்தில் கட்டினால் தானாக மானைப் படமெடுக்கும் கேமராவின் பேட்டரிக் கதவைத் திறந்து பார்க்கிறார் ஓர்வல் ட்வெய்ட். திறந்தால் கையிலேயே வைத்துக்கொள்கிறார். திறக்காவிட்டால் அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். நவம்பர் மாதத்து விஸ்கான்சின் காட்டில் நின்று கையுறையைக் கழற்றுகிறவன் முட்டாள் என்பது அவர் கட்சி. எமில் வாண்ட்டாவின் ஹார்டுவேர் கடையில் செப்டம்பர் முழுக்கச் சனிக்கிழமைகளில் இதே கூத்துதான்.

"யோவ், பொண்ணு பாக்கவா வந்திருக்க? ஏதாவது ஒண்ண எடுத்துட்டுப் போயேன்யா" என்று கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார் எமில்.

"பாக்கத்தானேய்யா அடுக்கி வெச்சிருக்க" என்பார் ஓர்வல், திரும்பாமலே.

ஓர்வலுக்குத் தொழில் பால் டாங்கர் ஓட்டுவது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலையில் இறக்க வேண்டும். நெட்டையான ஆள், வண்டிக்குள் ஏறும்போது நிலைப்படியில் குனிவது போலக் குனிவார். வாயிலிருந்து வார்த்தை பிடுங்குவது கஷ்டம். எதையாவது புகழ வேண்டுமென்றால் "மோசமில்ல" என்பார். கல்யாணச் சாப்பாடும் மோசமில்ல, புது எஞ்சினும் மோசமில்ல. மகள் பிரிட்டா முதல் மானைச் சுட்டு வீழ்த்தியபோதும் பக்கத்தில் நின்று அதையேதான் சொன்னார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். மனைவி இப்போது இல்லை.

பிரிட்டா இருப்பது அரிசோனாவில், பாலைவனத்து ஊர் ஒன்றில். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. மானைத் தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் வளரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு பேரும் வெயிலையும் பனியையும் விசாரித்து முடித்ததும் போனை வைத்துவிடுவார்கள். நவம்பரில் மான் வேட்டை சீசன் திறக்கும் சனிக்கிழமைக்கு அவள் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. இந்த ஆகஸ்டில் அவள் சொன்னாள்: "நல்ல கொம்பன் மான் ஏதாவது நம்ம காட்டுல நடமாடினா படம் அனுப்புங்கப்பா. லீவு போட்டுட்டு ஓடி வந்துடறேன்." விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ. ஓர்வல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் எங்கோ தள்ளுபடியில் ஒரு கேமரா வாங்கி மாட்டினார். மான் கடந்து போனபிறகுதான் அது கண் விழிக்கும். சீசன் முழுக்க வால்கள். போதாததற்குக் கிழக்குப் பார்த்துக் கட்டிவிட்டார்; காலை வெயில் விழுந்து பாதிப் படம் வெளுத்துப்போனது. "வால் எல்லாம் பிரமாதம்ப்பா" என்று எழுதினாள் பிரிட்டா. வரவில்லை.

அதனால் இந்தத் தடவை பெட்டிமேல் போட்டிருக்கும் மெகாபிக்சல் கணக்கை அவர் சீண்டவே இல்லை. "இது எவ்வளவு சீக்கிரம் முழிச்சுக்கும்? ராத்திரி மான் மெரள்ற மாதிரி செவப்பா மினுக்குமா, மினுக்காதா? குளிருல பேட்டரி தாங்குமா?" என்று மூன்றே கேள்விகளைப் போட்டு எமிலின் பிராணனை வாங்கினார். கடைசியில் பெட்டி கிழிந்துபோய் விலை குறைத்து வைத்திருந்த ஒன்றை எடுத்தார். எடுத்த படத்தைக் கைபேசிக்கே அனுப்பிவிடும் ரகம் அது.

"கார்டு எடுக்கக் காட்டுக்குள்ள போக வேணாம் பாரு. மனுச வாசனை பட்டா மான் ஒதுங்கிடும்" என்றார் ஓர்வல்.

எமில் தலையாட்டிவிட்டுக் கைபேசியில் எல்லாம் சரிசெய்து கொடுத்தார். ஓர்வல் போகாமல் நின்றார். "இன்னொரு நம்பரும் போடலாமாமே" என்று சொல்லி, பிரிட்டாவின் எண்ணை மனப்பாடமாக ஒப்பித்தார்.

அன்றிலிருந்து காடு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. முதலில் கேமரா, காற்றில் ஆடிய ஒரு பெரணிச்செடியை நூறு தடவை எடுத்துத் தள்ளியது. பிறகு பெண்மான்கள், குட்டிகள், வான்கோழிகள், வரிவாலை ஆட்டிக்கொண்டு ஒரு ரக்கூன். "அந்த ரக்கூன் குண்டாயிடுச்சுப்பா" என்று எழுதுவாள் மகள். டாங்கரை ஓரம்கட்டிவிட்டு அதை வாசிப்பார் அப்பா. அக்டோபர் போனது. கொம்புள்ளது ஒன்றும் வரவில்லை. அவளிடமிருந்து பதிலும் குறைந்து, ஒருநாள் நின்றுவிட்டது.

வேட்டைக்கு ஒரு வாரம் இருக்கையில் எமில் தன் கைபேசியை நீட்டினார். அவர் காட்டில் விழுந்த படம்: எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கொழுத்த ஆண்மான்.

"இத உன் காட்டுல விழுந்ததுன்னு அனுப்பிவிடுய்யா. வந்து எறங்கினப்புறம் கோவிச்சுக்கிட்டா திரும்பிப் போகப்போறா?"

ஓர்வல் வெகுநேரம் அதைப் பார்த்தார். "மோசமில்ல" என்றார். "ஆனா பின்னால பிர்ச் மரம் நிக்குது. எங்க காட்டுல ஏதுய்யா பிர்ச்? அவளுக்குத் தெரியாதா?"

"சரி, போன போட்டு 'வாம்மா'ன்னு நீயே கூப்பிடேன். ஒரு வார்த்தைதானே?"

"லீவு கெடைக்கலேன்னா சங்கடப்படுவா" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார் ஓர்வல்.

கடைசி வாரத்தில் காட்டுக்குள் எவனும் கால் வைக்கமாட்டான். ஆண்மான்கள் ஜோடி தேடி அலையும் சமயம் அது. மனித வாடை பட்டால் அந்தப் பக்கத்தையே விட்டு ஒதுங்கிவிடும். வாசனையில்லாத சோப்பில் சட்டை துவைத்து, வண்டியை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடக்கிற ஓர்வலுக்கு இது தெரியாததல்ல. இருந்தும் மறுநாள் மதியம் பால் இறக்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. காப்பி வாசனையும் பால் வாடையுமாக, பூட்ஸ்கூட மாற்றாமல், சருகு நொறுங்க நேரே காட்டுக்குள் நடந்தார். இந்த வருஷ வேட்டை இதோடு போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது. பரவாயில்லை என்று பட்டது.

ஓக் மரத்தில் கட்டியிருந்த கேமராவுக்கு எதிரே போய், வெயில் முகத்தில் விழும்படி நின்றார். முதலில் தொண்டையைச் செருமினார், யாரோ கேட்கப்போவது போல. பிறகு கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கித் தலையின் இருபுறமும் கொம்பு போல வைத்து, பத்து விரல்களையும் நன்றாக விரித்து, அசையாமல் நின்றார்.