போலீஸ் அக்காவின் புதுக் கணினி

மருத்துவமனையின் அறிக்கைப் பிரிவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார் இல்லை. எல்லாருக்கும் அவர் போலீஸ் அக்கா. காவல்துறைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் ஸ்கேன் அறிக்கைகளைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்வதே அவருடைய பணி. கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய பார்வையைக் கொண்டுபோயிற்று. அதோடு, எதையும் ஒருமுறை கேட்டதும் நம்பிவிடும் வழக்கமும் போயிற்று. பால் கெடவில்லை என்று சொன்னால் முகர்ந்து பார்ப்பார். கதவைத் தாழிட்டாயிற்று என்று கணவர் சொன்னால் எழுந்து போய்த் தடவிப் பார்ப்பார்.

"கல்யாணத்தன்னிக்கே என் குரலைக் கேட்டுட்டு, 'நீங்க அவர்தானே'ன்னு விசாரிச்சவ இவ" என்று கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு திங்கட்கிழமை புதுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழையதன் தம்பியோ தங்கையோ அல்ல. முற்றிலும் வேறு குடும்பம். விசைகள் வேறு, அடுக்குமுறை வேறு. திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் வேறு.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பழகிப் பாருங்கம்மா" என்றார் மேலாளர். "அன்னிக்கு ஸ்கேன் டாக்டர் வந்து உங்க வேலையைப் பார்ப்பார். சரிப்பட்டு வரலைன்னா விசாரணை கவுண்டர்ல ஒரு நாற்காலி போட்டுத் தர்றோம். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், சம்பளம் அப்படியே வரும்."

அந்தச் 'சும்மா' அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அலங்காரப் பொம்மையாக ஒரு மூலையில் அமர்வதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம்.

பழைய கணினியின் குரல், அவசரக்கார குமாஸ்தாவைப்போல மளமளவென்று ஒப்பிக்கும். புதியதன் குரலோ துணிக்கடையில் வரவேற்கும் பெண்ணைப்போலக் குழைந்தது. இவ்வளவு இனிமையாகப் பேசுபவள் எதையோ மறைக்கிறாள் என்று அக்கா முதல் நிமிடமே முடிவு கட்டினார். அதற்கேற்ப, "அட்டவணை" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நின்றுவிடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்தபடி மூன்றாவதைத் தட்டி அதற்குள் நுழைய வேண்டும். அடுத்ததற்குப் போக, அதிலிருந்து வெளியே வர வேண்டும். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் உதிர்க்காத இத்தகைய சாட்சியை அக்கா கண்டதில்லை. வேண்டுமென்றே 'வலது சிறுநீரகம்' என்பதை 'இடது' என்று தட்டி, அவள் தானாகத் திருத்தி வாசிக்கிறாளா என்று சோதித்தார். தட்டியபடியே வாசித்தாள். அப்போதும் அக்காவுக்கு ஐயம் தீரவில்லை. நடிக்கத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் கதவோரத்தில் மேலாளர் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். 'நாற்காலி' என்ற சொல் காதில் விழுந்தது. அக்கா ஓசைப்படாமல் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒட்டுக் கேட்பது தெரியாதிருக்க, விரல்களை மட்டும் விசைப்பலகையில் கண்டபடி ஓடவிட்டார். பேச்சு, கால் உடைந்த ஒரு நாற்காலியைத் தச்சரிடம் அனுப்புவதைப் பற்றியது. அந்த இடைவெளியில் கணினி ஏதோ அறிவித்திருக்கிறது. அதைக் கேட்க அங்கே காது இல்லை. ஹெட்போனை மீண்டும் மாட்டியபோது குரல் வழக்கம்போலக் குழைந்தது. அவர் வேலையைத் தொடர்ந்தார்.

அன்று பிற்பகலிலிருந்து அறையின் நடமாட்டம் மாறியது. நாற்காலிக்குப் பின்னால் காலடிகள் வந்து நின்றன, பேசாமல் திரும்பின. முகத்தெதிரே யாரோ கையை ஆட்டிய காற்றுப் பட்டது. வியாழக்கிழமை எவரோ "பாவம்" என்றார்கள்.

"தம்பி, யாரு பாவம்?" என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார்.

"இல்லக்கா... பொதுவாச் சொன்னாங்க."

"பொதுவா யாரும் பாவம் கிடையாது தம்பி."

அவர் இருமி மழுப்பினார். எல்லாம் முன்பே தீர்மானித்துவிட்டார்கள் என்று அக்காவுக்கு உறுதியாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு அறிக்கைகளைத் தட்டித் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் ஸ்கேன் மருத்துவரோடு வந்து நின்றார். "போதும்மா. உங்களை வருத்திக்காதீங்க. கவுண்டர்ல இடம் தயாரா இருக்கு."

"நான் அடிச்சதை இன்னும் யாரும் பார்க்கலையே சார்?"

அக்கா பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீயாவது சொல்லு. உன் மூச்சு எனக்குக் கேக்குது."

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். "புதன்கிழமையிலேர்ந்து உங்க ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. கும்மிருட்டு. செத்துப்போன கம்ப்யூட்டர்ல நீங்க அடிச்சுக்கிட்டே இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு..."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாளாகக் காதில் வாசித்தவள் பொய் சொன்னாளா, இவர்கள் கூட்டுச் சேர்ந்து சொல்கிறார்களா? ஹெட்போனின் கம்பியை வெடுக்கென்று பிடுங்கினார். குரல் அறை முழுவதும் கொட்டியது. ஆனால் அவர் கூட்டி வைத்துப் பழகியிருந்த வேகத்தில் அது மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல். வேகத்தைத் தணித்தார். "பித்தப்பையில் சிறு கல். நாளங்களில் அடைப்பில்லை" என்று வாசித்தது.

"இது நான் நேத்து சொன்னதாச்சே!" என்றார் மருத்துவர்.

"அப்ப இது சாகல" என்றார் அக்கா. அமைப்புகளுக்குள் நுழைந்தார்; ஒரு பெட்டியிலிருந்து வெளியேறி அடுத்ததில் புகுந்தார். "திரைச்சீலை, போடப்பட்டுள்ளது" என்றது குரல். பிறர் பார்க்காதபடி திரையை மட்டும் இருட்டாக்கும் வசதி அது; புதன்கிழமை கண்டபடி ஓடிய விரல்கள் அதைப் போட்டிருந்தன. அதைத் தட்டினார். "திரைச்சீலை, நீக்கப்பட்டது."

"ஆ! வந்துருச்சு!" என்று பல குரல்கள் எழுந்தன. உடனே அவை அடங்கின. நெருங்கி வந்த உடல்களின் வெப்பம் அக்காவின் தோளில் தெரிந்தது.

"என்ன, எல்லாரும் படிக்கிறீங்களா?"

"கண்ணுல படுதுக்கா..."

"பழைய கம்ப்யூட்டர்லயும் இப்படித்தான் பட்டுதா?"

அக்காவுக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு மதிய இடைவேளையில் தங்கைக்கு இதே மேசையில் ஒரு கடிதம் தட்டியிருந்தார். மறுநாளே மருந்தகத்துக்காரர், "தங்கச்சி வீட்டுச் சண்டை தீர்ந்துதா?" என்று விசாரித்தார். உளறியவர் கணவர்தான் என்று முடிவு செய்து, ஒரு மாதம் அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நோயாளிகளின் சங்கதி எத்தனை பேர் கண்ணில் பட்டதோ!

அக்கா விசைகளை அழுத்தினார். திரை மறுபடி இருண்டது.

"அம்மா, நாங்க பார்க்கணும்னா?" என்றார் மேலாளர்.

"கேளுங்க சார், தொறந்து காட்டறேன். கேக்காதவங்களுக்கு எதுக்கு?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "கவுண்டருக்கு வேற ஆளைப் பாருங்க. இவங்க இங்கயே இருக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. அடுத்த பதிவை எடுத்த அக்கா, திரை மெய்யாகவே இருண்டதா என்று சற்றே தயங்கினார். தரை துடைக்கும் பெண்ணின் வாளிச் சத்தம் அருகே வந்ததும் அவளை அழைத்தார்.

"இங்க பாரு. இந்தத் திரையில என்ன தெரியுது?"

அவள் குனிந்து பார்த்தாள். "என் மூஞ்சிதான்மா தெரியுது. ஒரே தூசி. தொடைக்கவா?"

"தொடைச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, அக்கா பதிவை ஓடவிட்டார்.