உங்க முழுப் பேர் என்ன, அத்தை?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு காப்பித் தோட்டத்துச் சரிவில் செருப்பில்லாமல் ஓடினேன். எனக்கு வயது நாற்பத்தாறு. முழங்கால் இரண்டும் ஏற்கெனவே ஓய்வு கேட்டுக்கொண்டிருப்பவை. கொடைக்கானல் பக்கம் என்றதும் காட்டெருமை துரத்தியது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. நான்தான் துரத்தினேன் — என் மாமாவை. அவர் கையில் என் செல்போன் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன்.

பண்ணைக்காட்டுக்கு மேலே, ஜீப் மட்டும் போகிற ஓர் ஊரில் என் அத்தை இருக்கிறார். அப்பாவின் தங்கை. ஏழு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். இந்த ஊர்க்காரரான மாமாவைக் கட்டி, காப்பிக்காட்டில் வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். ஊரே காப்பி குடிக்கும். அத்தைக்கு மட்டும் இன்றைக்கும் ‘தேத்தண்ணி’தான்.

கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை மகன் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். “நீங்க எத்தன பேரைப் பேட்டி எடுத்திருக்கீங்க... அம்மா கதையைக் கேட்டு நம்ம ஃபேமிலி குரூப்ல போடுங்க. பசங்க கேக்கட்டும்.”

போட்டால் போச்சு. அத்தை வீட்டில் டவர் கிடையாது. பரவாயில்லை, குரூப்பிலேயே வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து வைத்தால், டவர் கிடைக்கும்போது தானாகப் போய்விடும். போனை மேஜைமேல் வைத்தேன். அத்தை எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முதல் கேள்வி சுலபமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அப்போதுதான் ஆள் கொஞ்சம் இளகுவார்.

“உங்க முழுப் பேர் என்ன, அத்தை?”

என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். “அடுப்புல பால் கெடக்கு” என்று எழுந்து போய்விட்டார். அடுப்பில் பால் இல்லை. நாங்கள் குடித்ததே கறுப்புத் தேத்தண்ணி.

அதுவரை பதிந்த துண்டை அனுப்பிவிட்டு அடுத்த துண்டைத் தொடங்கி வைத்தேன். திரும்பி வந்தவர் வாசலை எட்டிப் பார்த்தார். மாமா களத்தில் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். அத்தை கதவைச் சாத்தினார்.

“அத அமத்து புள்ள.”

நான் அமத்தவில்லை. போனைக் கவிழ்த்து மட்டும் வைத்தேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளின் புத்தி... வேறென்ன சொல்ல?

“நீங்க எல்லாரும் கூப்புடுறது எம் பேரு இல்ல” என்றார் அத்தை.

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த நீள வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். அதில் ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. அங்கிருந்துதான் தொடங்கினார்.

“ஒங்க தாத்தா காம்பராவுக்கு அடுத்த காம்பரா நாங்க. எனக்கு அம்மா இல்ல. அப்பன் போன எடம் தெரியல. ஒங்க தாத்தாவுக்கு, யாரு யாரு இந்தியா போகலாம்னு எழுதுன குடும்ப அட்டை வந்துருச்சு. கப்பலுக்குப் பத்து நாள் இருக்கையில அவரு மக செத்துப்போச்சு. எங்கூட வெளாண்ட புள்ள. ஏழு வயசு. காய்ச்சல்.”

பூண்டுத் தோலை ஒன்றாகக் கூட்டி வைத்தார்.

“வெளிய சொன்னா அட்டைய மறுபடி எழுதணும், அடுத்த கப்பல் எப்பவோ. சத்தமில்லாம பொதச்சுட்டாங்க. என்னைய விட்டுட்டு வரவும் மனசில்ல. அட்டைக்கு எடுத்த போட்டோவுல அந்தப் புள்ள மொட்டையா இருந்துச்சு. எனக்கும் மொட்டை போட்டாங்க. மொட்டை போட்டா எல்லாப் புள்ளையும் ஒண்ணுபோலத்தான, வெளங்குதா? யாரு கேட்டாலும் அந்தப் பேரத்தான் சொல்லணும், மாத்திச் சொன்னா கடல்ல எறக்கிருவாங்கன்னு சொல்லிச் சொல்லிக் கூட்டியாந்தாங்க.”

யார் கேட்டாலும். ஐம்பது வருடம் கழித்து, எதிரில் உட்கார்ந்து, அதிகாரி மாதிரி நான் கேட்டிருக்கிறேன்.

கதவு திறந்தது. மாமா. “சாக்கு எங்க கெடக்கு?”

“...அங்கத்துக் குளிரு வேற புள்ள, இங்கயெல்லாம் என்ன குளிரு” என்றார் அத்தை. குரல் கொஞ்சமும் மாறவில்லை. மாமா சாக்கை எடுத்துக்கொண்டு போனார்.

“மாமாவுக்குத் தெரியாதா அத்தை?” ரத்த உறவில்லை என்று தெரிந்த பிறகும் வாயில் அத்தைதான் வந்தது.

“தெரியாது. ஒங்கப்பாருக்குத் தெரியும். சாகுற வரைக்கும் அண்ணன் வாய் தெறக்கல.” சுவர்க் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த தாளைக் காட்டினார். “ஓட்டு லிஸ்டு சரி பார்க்கணும்னு ஃபார்ம் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பேரு, அப்பா பேரு, அம்மா பேரு... பேரப்புள்ளைக வரைக்கும் அந்தப் பேரு மேலதான் நிக்குது. இப்பப் போயி பொய்யின்னு தெரிஞ்சா, எல்லாரு பேரையும் லிஸ்டுல அடிச்சுருவாங்களா?”

அத்தையின் பார்வை போனுக்குப் போனது.

“அது அமந்துதான கெடக்கு?”

பதறிப்போய் எடுத்தேன். குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடுவதாக நினைத்து, அனுப்பும் அம்பைத் தொட்டுவிட்டேன். மெசேஜ் குரூப்பில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் சின்னக் கடிகாரக் குறி — டவருக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அத்தை கண்ணெதிரே அழித்தால் பதிவு செய்தது தெரிந்துவிடும். டவர்தான் இல்லையே, அப்புறம் அழித்துக்கொள்ளலாம். “ஆமா அத்தை” என்றேன். இதைவிடக் கேவலமாக நான் பொய் சொன்னதில்லை.

சாப்பிடக் கை கழுவிவிட்டு வந்தேன். மேஜையில் போன் இல்லை.

“மாமா எடுத்துட்டுப் போயிருப்பாரு” என்றார் அத்தை. மத்தியானமானால் வீட்டுப் போன்களையெல்லாம் துணிப்பையில் போட்டு, மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் வளைவுக்குக் கொண்டுபோவாராம். அங்கேதான் டவர். தொட்டிமேல் வரிசையாக வைத்து, வர வேண்டியதை வரவைத்து, போக வேண்டியதைப் போகவைத்துக் கொண்டுவருவாராம். விருந்தாளி போனையும் விடமாட்டார். அவ்வளவு நல்ல மனிதர்.

அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். வேறு வழியில்லை. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. திட்டவில்லை. “வெரசாப் போ” என்றார். அவ்வளவுதான்.

ஓடினேன். ஈர மண், காப்பிச் செடி, வழுக்கல். ஒரு முறை விழுந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மாமா என் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

“என்னம்மா இப்புடி ஓடியார? ஒன் போன்ல மட்டும் டவரு வரும், போகும்னு ஆட்டம் காட்டுது.”

பிடுங்காத குறையாக வாங்கினேன். முதல் துண்டுக்கு டிக் விழுந்திருந்தது. இரண்டாவது துண்டுக்கு... கடிகாரம். இன்னும் கடிகாரம். அழித்தேன். போய்விட்டதா என்று மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். போய்விட்டது.

“மெசேஜு போயிருச்சா?”

“இல்ல மாமா. சரியா பதியல, அழிச்சுட்டேன்.”

“அதுக்கென்ன, இன்னொரு தடவ பேசச் சொல்லு. அவளுக்கு என்ன சோலி.”

அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்துவிட்டது: “அம்மாவுக்குத் தன் பேரே மறந்துபோச்சா?” கூடவே நான்கு சிரிப்பு முகங்கள்.

கீழே அத்தை நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“போகல அத்தை. அழிச்சுட்டேன். என்னை மன்னிச்சுருங்க.”

“அப்ப அது இப்ப எங்கயும் இல்ல?”

“எங்கயும் இல்ல.”

நிம்மதியாவார் என்று பார்த்தால், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “அங்கயும் எழுதல. இங்கயும் எழுதல. அந்தப் புள்ள செத்துப்போச்சுன்னு ஒரு எடத்துலயும் இல்லையே” என்றார். முதல் முறையாக அழுதார்.

களத்துப் பக்கம் மாமாவின் காலடிச் சத்தம் கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: “நீ பேப்பர்ல எழுதுறல்ல? ஆளு அடையாளம் தெரியாம மாத்திக்க. எம் பேரு வேணாம், அது பேரும் வேணாம். செத்துப்போச்சுன்னு மட்டும் ஒரு வரி போடு.”

ஊரை மாற்றிவிட்டேன். உறவை மாற்றிவிட்டேன். தேடினாலும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

அந்த ஒரு வரி மட்டும் அவர் சொன்னபடியே: ஒரு பெண் குழந்தை செத்துப்போனாள். ஏழு வயது. காய்ச்சல்.