அவருடைய காது உயரத்துக்கு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம், புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் வீட்டு முன் அறையில் நடந்தது இது. அவர் இதை வாசித்தால் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கலியாணம் முடித்த இரண்டாம் வருடமே என் கணவர் சுவிஸுக்குப் போய்விட்டார். விசாச் சிக்கலால் பதினொரு வருடம் ஊருக்கு வர முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் இங்கே ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அவர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். ஒரு நாள் தவறாமல் வீடியோவில் கதைப்போம். சாப்பிட்டாரா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டால் எனக்கு அன்றைய பொழுது போய்விடும்.

பாட்டென்றால் அவருக்கு உயிர். கடை முதலாளி புதிது வாங்கியபோது தன்னுடைய பழைய ஸ்பீக்கர் இரண்டையும் அம்பிளிஃபையரையும் இவருக்குக் கொடுத்தாராம். இவர் இருக்கும் சின்ன அறையில் சத்தமாகப் பாட்டுப் போட முடியாது. அதனால் எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றிக் கப்பலில் எனக்கு அனுப்பிவிட்டார். நான் அவற்றை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தேன். போனில் அதைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஐயோ, அங்க வைக்காதையும்! மேல இருக்கிற அந்தச் சின்ன வட்டம் காதுக்கு நேர வரவேணும். நான் வந்து ஸ்டாண்ட் செய்யிறன்."

ஒருவழியாக விசா கிடைத்தது. மூன்று கிழமை லீவில் வருவதாகச் சொன்னார். மூன்றே மூன்று கிழமை! அதில் அவர் மரம் சீவிக்கொண்டிருந்தால் என்னோடு எப்போது இருப்பது? நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அதுவரை ஒரு ஆணிகூட ஒழுங்காக அடித்தவள் இல்லை. வீம்புக்கு மட்டும் குறைவில்லை.

ஸ்டாண்ட் செய்கிற வீடியோக்கள் எத்தனையோ பார்த்தேன். எல்லாவற்றிலும் கதிரையில் இருந்து கேட்பவரின் காதைத்தான் அளந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. என்னுடைய ஆள் கதிரையில் இருந்து பாட்டுக் கேட்டதை நான் கண்டதே இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் சீமெந்து நிலத்தில் காலை நீட்டி, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் கேட்பார். அந்தச் சுவரில் அவருடைய தலை எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. இரண்டு தரம் பெயின்ட் அடித்தும், கொஞ்ச நாளில் அது திரும்பவும் தெரியத் தொடங்கிவிட்டது. நிலத்திலிருந்து அந்தக் கறை வரைக்கும் அளந்தேன். ஸ்பீக்கரில் அந்தச் சின்ன வட்டம் இருக்கும் உயரத்தைக் கழித்தேன். பதினெட்டு அங்குலம் வந்தது.

பழைய கொட்டிலைப் பிரித்தபோது கூரையிலிருந்து எடுத்து வைத்த பனஞ்சிலாகைச் சட்டங்கள் கிடந்தன. பக்கத்து வீட்டு அண்ணை வாளும் துளைபோடும் மெஷினும் தந்தார். பனைக்குத் துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். உள்ளங்கையெல்லாம் சிராம்பு ஏறியது. ஆடுகிறதே என்று ஒரு காலைக் குறைத்தால் மற்றக் கால் ஆடும். மூன்றாம் நாள் அண்ணைக்கே பொறுக்கவில்லை. வாளை வாங்கி அவரே சரிபார்த்து வெட்டித் தந்தார்.

"ரீச்சர், இது நல்லாக் கட்டையாயெல்லோ கிடக்கு? குத்துவிளக்கு வைக்கவோ?"

"அவர் நிலத்தில இருந்துதான் கேப்பார் அண்ணை. எனக்குத் தெரியாதோ?" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவர் வந்தார். கொஞ்சம் மெதுவாக நடந்தார். பயணக் களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து, "வாங்கோ, வந்து இருங்கோ" என்று கூப்பிட்டேன். அவர் ஸ்டாண்டைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி இருந்தார்.

பாட்டு எங்கள் இருவருக்கும் நேரே வந்தது. பாடுகிறவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. அவருடைய தோளில் சாய்ந்துகொண்டேன். பதினொரு வருடமாக நான் கேட்டது இது ஒன்றைத்தான். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பாட்டுக்கள் முடிந்தன. தேத்தண்ணி போட எழுந்தேன். அவர் எழும்பவில்லை. குடித்து முடித்து இன்னொரு தேத்தண்ணி கேட்டார். அதுவும் முடிந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. கோயிலுக்குப் போவோம், எழும்புங்கோ என்றேன்.

"இஞ்சரும்," என்றார் மெல்ல. "பக்கத்து வீட்டு அண்ணையை ஒருக்காக் கூப்பிடும். எனக்குத் தனிய எழும்ப ஏலாது."

அவர் வருவதற்கு நாலு வருடத்துக்கு முன்பே பனியில் வழுக்கி விழுந்து முழங்காலில் ஒப்பரேசன் செய்தாராம். பிறகும் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. நான் கவலைப்படுவேன் என்று மறைத்துவிட்டார். போனில் முகம்தானே தெரியும், முழங்கால் எங்கே தெரியப்போகிறது? அண்ணையும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அண்ணை ஒன்றுமே பகிடி விடாமல் போனார். அதுதான் எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.

"ஏனப்பா முதலே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"கையெல்லாம் கிழிச்சுச் செய்து வைச்சிருக்கிறீர். எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு அவர் மேல் கோபம். அதைவிட என் மேல் கோபம். இத்தனை வருடமும் அவருடைய சாப்பாட்டையும் குளிரையும்தான் விசாரித்திருக்கிறேன். நடக்க முடிகிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அண்ணை நாலு சீமெந்துக் கல் கொண்டுவந்தார். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டிரண்டாக அடியில் அடுக்கி உயர்த்தினோம். இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். மிச்ச நாளெல்லாம் அப்படி இருந்துதான் பாட்டுக் கேட்டோம். கதிரைகளின் கைப்பிடி இடையில் இருந்ததால் தோளில் சாய முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று கிழமை ஓடிப்போய்விட்டது. அவரும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இன்னும் வரவில்லை. நான் தனியே பாயில் இருந்து கேட்டால் பாட்டு என் தலைக்கு மேலால் போகிறது. கல்லை எடுத்துவிடட்டுமா என்று அண்ணை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வீடியோவில் வந்தால் நான் முதலில் கேட்பது சாப்பாட்டை இல்லை. போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவு வரைக்கும் போய் வரச் சொல்கிறேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே நடந்து காட்டுவார். அந்த நாலு அடியை ஒவ்வொரு நாளும் கண் கொட்டாமல் பார்க்கிறேன், அடுத்த முறை வந்து இறங்கும் மனிதர் எனக்குத் தெரியாதவராக இருந்துவிடக் கூடாதே என்று.