பலகைமேல் பூக்கல்

எங்கள் வீட்டு மாடியறையின் தரை வெறும் பலகை. பழவேற்காட்டில் கொஞ்சம் வசதியான வியாபாரிகள் வீடு என்றால் அப்போது அப்படித்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையாது, ஆனால் பேச்சு நுழையும். கீழே முன்கூடத்தில் ஆண்கள் பேசுவதெல்லாம் மேலே எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். வெளி ஆண்கள் முன்னால் நாங்கள் வருவதில்லை. அதற்காக எங்களுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவும் நடந்ததும் இல்லை.

வாப்பா இருந்தவரை அதற்கு ஒரு முறை இருந்தது. கீழே நடக்கும் பேச்சு பிடிக்கவில்லை என்றால் உம்மா பாக்குவெட்டியால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உடனே வாப்பா, "ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்றேன்" என்று பேச்சை நிறுத்திவிடுவார். வந்தவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் சரி. எனக்கு வரன் வர ஆரம்பித்ததும் உம்மா அந்தப் பாக்குவெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"புடிக்கலன்னா தட்டிடு. வாயத் தொறந்து சொல்ல வெக்கமா இருந்தா கை சொல்லட்டும்" என்றாள்.

எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் பாக்குவெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வாப்பா மௌத்தான பிறகு முன்கூடத்தில் அவர் இடத்தில் காக்கா உட்கார்ந்தார். காக்கா என்றால் எங்களில் அண்ணன். ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது அது. சூலூர்ப்பேட்டையில் காக்காவுக்குக் கருவாட்டு வியாபாரத்தில் ஒரு கூட்டாளி இருந்தார். முதல் மனைவி இறந்துபோனவர், கிட்டத்தட்ட என் வயதில் ஒரு மகள். அவருக்கு என்னைக் கேட்டு ஒருநாள் ஆள் வந்தது. நான் தட்டினேன். பலகை பிளந்துபோகிற மாதிரி தட்டினேன்.

காக்கா மேலே வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். சிரித்தார்.

"வேணான்னா வுடு. அதுக்குப் போய் ஊட்ட இடிக்கறியே!"

இப்படி ஒரு அண்ணன் இந்த ஏரிக்கரையில் யாருக்கு இருக்கிறான் என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன்.

அடுத்த வாரமே மாடித் தரைக்குப் பூக்கல் போடப்போவதாகச் சொன்னார். பலகை இடுக்கில் மண் உதிர்ந்து விருந்தாளிகளின் டீயில் விழுகிறதாம். மாதிரிக்குச் சில கற்களைக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பி, "உனக்குப் புடிச்ச பூவா பாத்துச் சொல்லு" என்றார். நான் பட்டுப்புடவை எடுக்கிறவள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, பச்சைக் கொடியில் சிவப்புப் பூ விட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அறிவுகெட்டவள்.

புதுவாயலிலிருந்து வந்த கொத்தனார் பலகைமேல் ஏறி நின்று ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். "மரம் ஆடும் பாய். கல்லு ஆடாது. ரெண்டு மழை பாத்தா வெடிச்சிக்கினு வரும்."

"வெடிக்கும்போது பாத்துக்கலாம். இப்போதிக்கு நின்னா போதும்" என்றார் காக்கா.

சாக்கை விரித்து அதன்மேல் சுண்ணாம்புக் கலவையைக் கொட்டினால் போதும் என்றுதான் கொத்தனார் சொன்னார். காக்கா கேட்கவில்லை. படகு பழுதுபார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அவர் படகுக்குச் செய்வது போலவே பஞ்சைத் திரித்து, குங்கிலியம் காய்ச்சிய எண்ணெயில் தோய்த்து, ஒவ்வொரு இடுக்கிலும் உளி வைத்து அடித்து ஏற்றினார். "இந்த ரூம ஏரில வுடப்போறியா பாய்?" என்று அவர் கேட்டபோது திரைக்குப் பின்னால் நானும் சிரித்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் கீழே சொட்டக்கூடாது என்று காக்கா சொன்ன காரணம் நியாயமாகவே பட்டது.

கல் பதித்து முடிந்ததும் கலவை இறுகத் தண்ணீர் கட்ட வேண்டுமே, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது நான்தான். உம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும் புள்ள, இடுப்பு வுட்டுப்போவும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

தரை அழகாகத்தான் இருந்தது. வெறுங்காலோடு நடந்தால் உச்சிவரை குளிர்ந்தது. வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் கீழே ஆட்கள் வந்திருப்பதே தெரிந்தது. கல் புதிது, பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் காக்கா தட்டு நிறையச் சர்க்கரையோடு மேலே வந்தார். எனக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம். அதே சூலூர்ப்பேட்டைக்காரர்.

"நான் தட்டலியே!" என்று கத்தினேன்.

"அதான் சரின்னு சொல்லிட்டேன்" என்றார் காக்கா.

அப்போதுதான் பஞ்சும் குங்கிலியமும் பூவும் கொடியும் எனக்கு விளங்கின. அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பூ தேர்ந்தெடுக்க வைத்து, தண்ணீர் சுமக்க வைத்து, என் கையாலேயே என் காதை அடைத்துவிட்டாரே! உம்மா அழுதாள். அவளும் என்னோடு சேர்ந்து ஏமாந்தவள் என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க மாடிக்கு ஆட்கள் வந்தார்கள். பெண்ணைக் கேட்காமல் எங்களில் நிக்காஹ் முடிக்க முடியாது. ஆரம்பாக்கத்திலிருந்து வந்திருந்த மாமா திரைக்கு அப்பால் நின்று, மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். கீழே சோறு தம்மில் இருந்தது. தெருவே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு நாக்கு எழவில்லை. முந்தானைக்குள் வைத்திருந்த பாக்குவெட்டியை எடுத்தேன். குனிந்து, நான் தேர்ந்தெடுத்த பூவின்மேல் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"இன்னா சத்தம் அது?" என்றார் மாமா.

அதன் அர்த்தம் தெரிந்தவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உம்மா என் விரல்களைப் பிரித்து, பாக்குவெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, கை தவறி வுழுந்துட்ச்சி" என்றாள். "பொண்ணுக்குச் சம்மதம்."