சக்கரத்தைச் சுழற்றாமல் இறுக்கிய நட்டு

கடந்த ஆண்டு செப்டம்பர் பத்தாம் தேதி, காலை பத்து மணி இருபது நிமிடம். திருவனந்தபுரத்தில் கரமனைப் பாலத்துக்கு அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியின் முன்சக்கரம் கழற்றப்பட்டுக் கிடந்தது. ஐம்பது ஆண்டுப் பழைய மோட்டார் சைக்கிள். வளைகுடாவுக்குப் போன மாமா என்னிடம் கொடுத்தது. அதில்தான் தினமும் வகுப்புக்குப் போய்வருகிறேன். பதிவைப் புதுப்பிப்பதற்கான பரிசோதனை மறுநாள் பதினோரு மணிக்கு. ஸ்பீடோமீட்டர் முள் அசையாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவுக் காலமோ அந்த வாரத்தோடு முடிகிறது.

மீட்டரில் பழுதில்லை. சக்கரம் சுழல்வதைக் கேபிளுக்குக் கடத்துகிற ‘டிரைவ்’ என்ற சிறிய வட்டப் பெட்டிதான் கெட்டிருந்தது. அதற்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சிறிய பல்சக்கரமும் உண்டு. சிறியதன் பற்கள் மழுங்கிவிட்டன. நகரின் பெரிய சந்தையான சாலை பஜாரில் எல்லோரும் கைவிரித்தார்கள். மூன்று வாரம் அலைந்தபின், நாகர்கோவிலில் ஓர் உதிரிபாகக் கடையில், கிரீஸ் தாளில் சுற்றிய ஒன்றே ஒன்று கிடைத்தது. பழையதைப் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணினேன், விட்டம் அளந்தேன். “பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு பாக்கமாட்டான் மக்களே” என்றார் கடைக்காரர்.

அந்தப் பெரிய பல்சக்கரத்தில் வெளியே நீட்டிய இரண்டு காதுகள் இருக்கும். அவை சக்கரத்தின் நடுவே இருக்கும் குடத்திலுள்ள பள்ளங்களில் விழவேண்டும். சக்கரத்தை மெல்லச் சுழற்றியபடி அழுத்தினால் ‘டக்’கென்று விழும், அதன்பிறகே நட்டை இறுக்க வேண்டும். பழைய கையேட்டில் இதைப் பலமுறை படித்திருந்தேன்.

மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றவில்லை. அச்சைச் செருகினார், நீளமான ஸ்பானரை எடுத்தார். டிரைவுக்கும் குடத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி எனக்குத் தெரிந்தது.

“அண்ணா, அது உள்ளே இறங்கினாப்பல தெரியலையே” என்றேன், மெதுவாக.

“மோள் அங்க போய் இரி. நான் ஸ்பானர் பிடிக்கும்போ மோளு ஜனிக்கல்லயாக்கும்” என்றார், சின்ன மகளை விரட்டுவதுபோல.

சாயா குடித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் மெக்கானிக்கிடம், “புஸ்தகம் படிக்கிற குட்டியில்லியா, இனி உனக்கு மார்க்கும் போடும் பாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நொறுங்கும் ஓசை அங்குவரை கேட்டது.

கழற்றிப் பார்த்தால் ஒரு காது முறிந்திருந்தது, மற்றது வளைந்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாகர்கோவில் சாதனம் மோளே, டூப்ளிகேட். நான் என்ன செய்ய?” என்றார்.

அப்போதும் என் வாயிலிருந்து வந்தது, “சரிண்ணா.” எது சரி? மூன்று வாரத் தேடலைக் கண்ணெதிரே நசுக்கிவிட்டு, பழியை, தான் ஒருபோதும் பார்த்திராத கடைக்காரர்மேல் போட்டவரிடம், நான் சரி என்று சொன்னேன்! வண்டியை அங்கேயே விட்டு, பழைய டிரைவையும் உடைந்ததையும் எடுத்துக்கொண்டு வீடு வரும்வரை அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

பிற்பகலில் இரண்டு டிரைவ்களையும் செய்தித்தாள்மேல் பிரித்துப் பரப்பினேன். கோபத்தில்தான் பிரித்தேன், அவர் சொன்னது பொய் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள. நிரூபணமாயிற்று. புதியதில் சிறிய பல்சக்கரமும் பெட்டியும் குறையில்லாமல் இருந்தன. பழையதில் காதுகள் முழுசாக இருந்தன. பழையதன் பெரிய பல்சக்கரத்தைப் புதிய பெட்டிக்குள் வைத்தேன். வழுவழுவென்று சுழன்றது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் ஷட்டரைத் தூக்கியபோது, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிய டிரைவுடன் நான் வாசலில் நின்றேன். முந்தைய நாள் சாயா குடித்தவரும் வந்து சேர்ந்தார். நல்லதாகப் போயிற்று.

“நேத்து உடைஞ்சது டூப்ளிகேட் இல்லை. நீங்க உடைச்சேள்,” என்றேன். “இன்னிக்கு நான் உக்கார மாட்டேன். சக்கரத்தை நான்தான் சுத்துவேன். இறுக்குங்கோன்னு நான் சொன்னப்பறம் நீங்க நட்டைத் தொட்டாப் போறும்.”

அவர் சாயா குடித்தவரைப் பார்த்தார். சாயா குடித்தவர் தெருவைப் பார்த்தார்.

சுழற்றினேன். ‘டக்.’ இடைவெளி மறைந்தது. சொன்னேன், இறுக்கினார். சக்கரத்தை வேகமாகத் தள்ளிவிட்டதும் முள் நடுங்கி, பத்தைத் தொட்டது. பதினோரு மணிக்கு வண்டி தேறியது. அவர்மேல் இருந்த கோபம் அந்த வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. கண்ணால் கண்டதை அழுத்திச் சொல்லாமல் ஸ்டூலுக்குப் போனவள்மேல் உள்ள கோபத்தை மட்டும் நான் ஆறவிடுவதில்லை, வாயடைத்துப்போகும் இடங்களில் எல்லாம் என்னைப் பேசவைப்பது அதுதான்.