கடலை எண்ணெய் குடித்த கேலிப்பர்

போன வாரம் வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட கடை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "முன் பிரேக் கேலிப்பர் லீக் ஆவுது சார். நாங்க பிரிச்செல்லாம் பாக்கறதில்ல, செட்டாவே மாத்திடுவோம்" என்றாள். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சாமான் அது. தொட்டுப் பார்த்தேன். விரலில் பிரேக் ஆயில். கொஞ்சம் மீன் வாடை, கொஞ்சம் மருந்து வாடை. மற்றவர்களுக்குக் கல்யாண ஞாபகம் மல்லிகைப்பூவில் வரும். எனக்கு இதில்தான் வருகிறது.

அப்போது நான் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். அறைச் சாவியை எடுத்துக் கொடுப்பது, பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூட்டம் வந்தால் நாள் முழுக்க "ரூம் இல்லீங்க" என்று சொல்வது. இவ்வளவு பெரிய பொறுப்பில் இருப்பவனுக்கு டிஸ்க் பிரேக் வைத்த வண்டி வேண்டும் என்று பெண் வீட்டில் கேட்டவர் என் அப்பா. நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காராபூந்தி தின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். வரதட்சணைக்கு எதிராகப் பேசிக் கல்லூரியில் பரிசு வாங்கியவன் நான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

பெண் செல்விக்கு கீழ்பென்னாத்தூர். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். அந்த வருஷக் கடலை முழுவதையும் போட்டு மச்சான் ஒரு வண்டி வாங்கினார். புதுசுக்குக் கட்டுபடியாகவில்லை. பழைய வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, கேலிப்பருக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. மூன்றாம் வாரமே கேலிப்பர் ஒழுக ஆரம்பித்தது.

அப்பாவுக்கு அதன்பிறகு காலையில் பேப்பர் தேவைப்படவில்லை. காபி டம்ளரோடு வாசலுக்கு வந்து, வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்து, "இன்னிக்கும் ஒழுவியிருக்கு" என்று செல்வி காதில் விழும்படி சொல்வார். வாசல் கழுவும்போது அந்தக் கறையை மட்டும் அவள் இரண்டு தடவை தேய்ப்பாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பாவப்படுவதோடு என் கடமை முடிந்தது என்று குளிக்கப் போய்விடுவேன்.

தகவல் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கையில் ஸ்பேனர் பை, இன்னொரு கையில் எங்கள் வீட்டுக்கென்று செக்குக் கடலை எண்ணெய்.

"மெக்கானிக் எதுக்கு மாப்ள? பம்புசெட்டயே பிரிச்சுப் போட்டு மாட்டறவன் நானு" என்றார்.

உண்மையில் நன்றாகத்தான் செய்தார். பிரேக் லீவரை அழுத்தி அழுத்தி கேலிப்பருக்குள் இருந்த பிஸ்டனை வெளியே தள்ளினார். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் போட்டால் கீறிவிடும் என்று விளக்குமாற்றுக் குச்சியைச் சீவி, பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். நான் படியில் உட்கார்ந்து, புது ரப்பரோடு வந்த ஆங்கிலத் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தவனுக்கு வேறென்ன வேலை? பிரேக் ஆயிலைத் தவிர வேறு எந்த எண்ணெயும் ரப்பரில் படக்கூடாது என்று ஒரு வரி. பேனாவால் அடிக்கோடு வேறு போட்டேன்.

நிமிர்ந்தால், மச்சான் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கிறார்.

"பம்பு வாஷருக்கு இதான் போடுவோம். ஜாஸ்தி நாள் உழைக்கும் மாப்ள."

பம்பில் இருப்பது தோல் வாஷர். இது ரப்பர், எண்ணெய் குடித்தால் ஊதிவிடும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய வண்டியைத் தலையில் கட்டிய ஆள் கொஞ்சம் அசிங்கப்படட்டுமே என்று நினைத்தேன். மறுபடி ஒழுகினால் வேறு வண்டி கேட்கலாம் என்ற நினைப்பும் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா குனிந்தார். தரை காய்ந்து கிடந்தது. பேப்பரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். நாலு நாள் அப்படியே. செல்வி வாசலில் பெரிய கோலமாகப் போட ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் காலை, "மலைய சுத்திட்டு வரலாங்க, வண்டியிலயே" என்றாள். பின்னால் உட்கார்ந்து வலது தோளில் கை வைத்தாள். பொடிக் கை, கனமே இல்லை. ஆனால் அது அங்கே இருப்பது தெரியும்.

அடி அண்ணாமலை தாண்டும்போது வண்டி இழுக்க மறுத்தது. ஊதின ரப்பர் பிஸ்டனைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டதில், பிரேக் தட்டைக் கவ்வியபடியே இருக்கிறது. கருகல் வாடை வந்தது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா எல்லார் எதிரிலும், "உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்த வேல?" என்று மச்சானைக் கேட்டார். "என் தப்புதாங்க" என்று அவர் கும்பிட்டார். நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு செல்வி துணி துவைக்க உட்கார்ந்தாள். ஆணியில் மாட்டியே கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் அதில் இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். அவளும் பன்னிரண்டாவது படித்தவள்தான். அடிக்கோட்டை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"படிச்சிட்டா சும்மா இருந்தீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். சண்டை போடவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எங்கோ கிளம்பும்போது, "நீங்க போங்க, நான் ஆட்டோவுல வர்றேன்" என்றாள். அங்கன்வாடியில் வேலை கிடைத்ததும் தனக்கென்று ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டாள். சமைக்கிறாள், சிரிக்கிறாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள். குறையே சொல்ல முடியாது. அந்தக் கை மட்டும் திரும்ப என் தோளுக்கு வரவே இல்லை. மச்சான் இன்னும் எண்ணெய் கொண்டுவருகிறார். அந்தப் பழையதை விற்றுவிட்டு நான் வாங்கிய புது வண்டிதான் இப்போது வாசலில் நிற்கிறது, அதையும் சுற்றிக்கொண்டு உள்ளே வருவார், தொடமாட்டார்.

சர்வீஸ் கடைப் பெண் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒம்பது வருஷ வண்டி சார், பின் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் புதுசு மாதிரியே இருக்கு. பின்னாடி யாரும் உக்கார்றதில்லையா?" என்று கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.